தாத்தாவின் த்ரீ நாட் த்ரீ... பாகம் மாறிய பழைய துப்பாக்கிக்கு மதிப்பு உண்டா?

நெய்வேலி டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ் காலி செய்வது என்பது ஒரு தனி வைபவம். முப்பது, முப்பத்தைந்து வருடம் ஒரே வட்டத்தில் குடியிருந்துவிட்டு, ரிட்டயர் ஆனதும் சாவியை ஒப்படைக்க வேண்டும். பரணிலிருந்து ஒவ்வொன்றாக இறங்கும். பித்தளை அண்டா, பிள்ளைகள் வாங்கிய பரிசுக் கோப்பை, மூக்கு உடைந்த கொலு பொம்மை, பேசாத ரேடியோ.

அந்தச் சாமான்களுக்கு நடுவே கோணியில் சுற்றிய நீளமான மூட்டை ஒன்றும் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். பிரித்தால் எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய மரக்கட்டை, இரும்புக் குழல். ராணுவத்தில் இருந்த தாத்தாவின் துப்பாக்கி!

அடுத்து என்ன நடக்கும்? பேரன் செல்போனை எடுத்து, அமெரிக்காவில் இது என்ன விலை போகிறது என்று தேடுவான். டாலரை ரூபாயில் பெருக்கியதும் வீடே வாயைப் பிளக்கும். அதற்குள் சித்தப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, உடம்பில் ஒரு நம்பர், போல்ட்டில் வேறொரு நம்பர் இருப்பதைக் கண்டுபிடிப்பார். "பார்ட்ஸ் மாத்தியிருக்காங்கப்பா... இது ஒரிஜினல் இல்ல. பழைய இரும்புக்குத்தான் போகும்" என்பார்.

இரண்டு பேர் சொல்வதும் தப்பு. ஏன் தப்பு என்று புரிய, அந்தத் துப்பாக்கியின் கதை கொஞ்சம் தெரிய வேண்டும்.

த்ரீ நாட் த்ரீ பிறந்த கதை

போலீஸ் ஸ்டேஷன் வாசலிலும் பேங்க் வாசலிலும் நம் ஊர்க்காரர்கள் பார்த்துப் பழகிய '.303' ரைஃபிளின் முழுப்பெயர் லீ என்ஃபீல்டு. லீ என்பது ஸ்காட்லாந்தில் பிறந்த ஜேம்ஸ் பாரிஸ் லீ. போல்ட்டும் மேகசினும் அவருடைய யோசனை. என்ஃபீல்டு என்பது லண்டனுக்கு வடக்கே அரசு துப்பாக்கித் தொழிற்சாலை இருந்த ஊர். 1895-ல் பிரிட்டிஷ் ராணுவத்துக்குள் நுழைந்தது. 1904-ல் நீளம் குறைந்த வடிவமும், 1907-ல் மிகப் பிரபலமான 'மார்க் 3' வடிவமும் வந்தன. எடை சுமார் 4 கிலோ. மேகசினில் 10 தோட்டா. எல்லா வகைகளையும் சேர்த்தால் உலகம் முழுக்க 1 கோடியே 70 லட்சத்துக்கும் மேல் தயாரானதாகக் கணக்கு.

இதில் ஒரு பகுதி நம் நாட்டிலேயே செய்யப்பட்டது. கொல்கத்தா பக்கத்தில் இருக்கும் இச்சாப்பூர் ரைஃபிள் தொழிற்சாலைதான் அது. சுதந்திரத்துக்கு முன்பு அங்கே தயாரானவற்றில் கிரீடமும் அரசரின் பெயரெழுத்துகளும் இருக்கும். சுதந்திரத்துக்குப் பிறகு கிரீடம் போய், அசோகச் சிங்கம் வந்தது. 1962 சீனப் போருக்குப் பிறகு அதே உருவத்தில், 7.62 மி.மீ தோட்டாவுக்கான '2ஏ', '2ஏ1' ரைஃபிள்கள் வந்தன. பார்ப்பதற்கு அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். மேகசின் சதுரமாக இருந்தால் அது தம்பி! 'எல்லாம் த்ரீ நாட் த்ரீதான்' என்று இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து விலை பேசுகிறவர்கள் உண்டு. தோட்டாவே வேறு என்பதால் அது ஆபத்தான குழப்பமும்கூட.

2008 மும்பைத் தாக்குதலின்போது சி.எஸ்.டி ரயில் நிலையத்தில் இருந்த காவலர்களின் கையில் இருந்ததும் இந்த .303-தான். உத்தரப்பிரதேச போலீஸ் 2020 குடியரசு தின அணிவகுப்பில்தான் இதற்கு முறையாக விடைகொடுத்தது. நூறு வருடத்துக்கு மேல் ஓடிய ஒரு பொருளில் பாகம் மாறாமல் இருந்தால்தானே ஆச்சரியம்?

புல்லட்காரர்களுக்கு இது சட்டெனப் புரியும்

பழைய புல்லட் வாங்கப் போகிறவர் முதலில் என்ன பார்ப்பார்? இன்ஜின் நம்பர், சேஸிஸ் நம்பர், இரண்டும் ஆர்.சி புத்தகத்தோடு ஒத்துப்போகிறதா என்பது. பிறகுதான் டேங்க், மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம். சைலன்ஸர் மாறியிருந்தால் பேரம் பேசலாம். இன்ஜினே வேறு வண்டியுடையது என்றால் யோசிப்பார். சேஸிஸ் நம்பரைத் தேய்த்திருந்தால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுவார்.

ரைஃபிளுக்கும் இதே கணக்குதான். இந்த ஒப்புமை தற்செயல்கூட இல்லை. என்ஃபீல்டு துப்பாக்கித் தொழிற்சாலைக்கு உதிரிபாகம் செய்து கொடுத்த கம்பெனிதான், அந்தப் பெருமையில் 1890-களில் தன் சைக்கிளுக்கு 'ராயல் என்ஃபீல்டு' என்று பெயர் வைத்தது. பீரங்கி முத்திரை வந்ததும் அப்படித்தான். பின்னாளில் திருவொற்றியூருக்கு வந்து சேர்ந்தது அதே பெயர்தான்.

ரைஃபிளில் சேஸிஸ் மாதிரி இருப்பது ரிசீவர் எனப்படும் நடுவுடம்பு. துப்பாக்கியின் அடையாளமே அதுதான், சட்டத்தின் பார்வையிலும். அடுத்தது குழல். அதற்கடுத்தது போல்ட். இவற்றோடு முன்கட்டை, முனையில் இருக்கும் மூடி, தூரம் வைத்துக் குறிபார்க்கும் தகடு என எல்லாவற்றிலும் ஒரே நம்பரை அடித்து அனுப்புவது தொழிற்சாலை வழக்கம். எல்லா நம்பரும் ஒத்துப்போனால் சேகரிப்பாளர்களுக்குக் கொண்டாட்டம். கழுத்துவார், திருகாணி, மேகசின் போன்றவை மாறியிருப்பதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

போல்ட் மட்டும் விதிவிலக்கு. அது வெறும் அழகு விஷயம் இல்லை. போல்ட்டின் முகத்துக்கும் குழலுக்குள் உட்காரும் தோட்டாவின் பின்புறத்துக்கும் நடுவே இருக்கும் இடைவெளி நூல் பிசகக் கூடாது. அதனால்தான் ஒவ்வொரு ரைஃபிளுக்கும் போல்ட்டைப் பொருத்திப் பார்த்து, அளந்து, நம்பர் அடித்தார்கள். வேறு துப்பாக்கியின் போல்ட்டை எடுத்து மாட்டினால் உள்ளே போகும், வெளியே வரும், பார்ப்பதற்குச் சரியாகவே இருக்கும். ஆனால் அளவு சரிதானா என்று ஆர்மரர் சோதிக்காதவரை, அது சுவரில் மாட்டும் பொருள்தான்.

சித்தப்பா தவறவிட்ட இடமும் இங்கேதான் இருக்கிறது. போல்ட்டில் பழைய நம்பரின் மேல் ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, பக்கத்திலேயே ரிசீவரின் நம்பரைப் புதிதாக அடித்திருக்கிறதா என்று பார்த்தாரா? அப்படி இருந்தால் அது திருட்டு வேலை இல்லை. ராணுவப் பட்டறையில் ஆர்மரர் முறைப்படி மாற்றிப் பொருத்தி, 'இனி இது இந்தத் துப்பாக்கியின் போல்ட்' என்று பதிவு செய்ததன் அடையாளம்.

எப்போது மாறியது என்பதே கேள்வி

நெய்வேலிக்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். சுரங்கத்தில் மண்ணை வாரும் ராட்சத பக்கெட் வீல் இயந்திரத்தைப் பார்க்காதவர் ஊரில் யார்? ஜெர்மனியிலிருந்து வந்த இயந்திரங்கள். அதன் பக்கெட்டுகளின் பல் தேயும், மாற்றுவார்கள். பக்கெட் மாறும், பெல்ட் மாறும், மோட்டார் மாறும். ஆனாலும் ஆயுத பூஜை அன்று மாவிலைத் தோரணம் கட்டி, சந்தனம் குங்குமம் வைக்கும்போது, 'இது பழைய மெஷின் இல்லை' என்று யாரும் சொல்வதில்லை. வேலை பார்த்த இடத்தில், வேலை பார்ப்பதற்காக மாறிய பாகம் அது.

துப்பாக்கியிலும் அப்படித்தான். பணியில் இருந்த காலத்தில் மாறிய பாகம் அதன் வரலாற்றில் சேர்த்தி. தொழிற்சாலைக்கே திருப்பி அனுப்பி, மொத்தமாகப் பிரித்துச் சீரமைத்த ரைஃபிள்களில் 'எஃப்.டி.ஆர்' என்று எழுதி, வருடமும் அடித்திருப்பார்கள். 1917-ல் பிறந்து, 1940-களில் புதுக் குழலும் புதுக் கட்டையும் பெற்ற ரைஃபிள் என்றால், இரண்டு உலகப் போர்களின் தடம் அதில் இருக்கிறது. அதைக் குறை என்று சொல்வது என்ன நியாயம்?

இந்திய ரைஃபிள்களில் கட்டை மாறியிருப்பது மிக சகஜம். வெயிலும் மழையும் கரையானும் மரத்தை விட்டுவைக்குமா? முன்கட்டை பிளக்காமல் இருக்க, குறுக்கே ஒரு திருகாணி போட்டு இறுக்கும் வழக்கம் இச்சாப்பூரில் இருந்தது. அதைப் பார்த்து, 'எவனோ ஆசாரி ஓட்டை போட்டுக் கெடுத்துட்டான்' என்று நினைப்பவர்கள் உண்டு. உண்மையில் அது இச்சாப்பூரின் கையெழுத்து. அதேபோல முன்பகுதி முழுக்கக் கம்பி சுற்றிய ரைஃபிள்களும் உண்டு. கையெறி குண்டை ஏவுவதற்காகப் பயன்பட்டவை அவை. 'ஒட்டுப்போட்டது மாதிரி அசிங்கமா இருக்கு' என்று கம்பியை அவிழ்த்துப் போட்டால், சேகரிப்பாளர் தேடிவரும் காரணத்தையே அவிழ்த்துப் போட்டதாகிவிடும்.

மதிப்பு நிஜமாகவே விழுவது பிற்பாடு நடந்த மாற்றங்களால்தான். வேட்டைக்கு வசதி என்று முன்கட்டையை அறுத்து, குழலைச் சுருக்கியவை ஒரு ரகம். பல துப்பாக்கிகளின் மிச்சசொச்சத்தைக் குவித்துவைத்து, அதிலிருந்து ஒன்றைக் கோத்து எடுத்தவை இன்னொரு ரகம். பழைய நம்பரைத் தேய்த்துவிட்டு, ஒத்துப்போவதுபோலப் புது நம்பர் அடித்தவை கடைசி ரகம். இது மோசடி. முந்தைய இரண்டையாவது உள்ளதைச் சொல்லி விற்கலாம்.

மோசடிக்குப் பேர்போன இடம் ஒன்று உண்டு. பாகிஸ்தானின் எல்லைப்புறத்தில் இருக்கும் தர்ரா ஆதம் கேல். அங்கே கையாலேயே லீ என்ஃபீல்டைப் பார்த்துச் செய்துவிடுவார்கள். முத்திரை உட்பட! ஆனால் ஆங்கில எழுத்துகளை வடிவமாகப் பார்த்து அடிப்பதால், சில நேரம் 'என்' என்ற எழுத்து திரும்பி நிற்கும். சிலவற்றில் விக்டோரியா மகாராணியின் எழுத்துகளும், 1907-க்குப் பிந்தைய வருடமும் சேர்ந்தே இருக்கும். மகாராணி இறந்தது 1901-ல். 'மார்க் 3' வந்ததே 1907-ல். இதைக் கண்டுபிடிக்க உருப்பெருக்கிக் கண்ணாடி தேவையில்லை, பள்ளிக்கூட வரலாறு போதும்.

ஊருக்கு ஒரு கணக்கு

'நம்பர் ஒத்துப்போக வேண்டும்' என்ற விதி எல்லா நாட்டுத் துப்பாக்கிக்கும் ஒரே அளவில் பொருந்துவதில்லை. ஜெர்மனியின் மவுசர் 98கே ரைஃபிளில் சின்னச் சின்னப் பாகங்களில்கூட நம்பர் இருக்கும். அதனால் முழுக்க ஒத்துப்போகும் மவுசருக்கு மவுசு அதிகம். இரண்டாம் உலகப் போரில் சோவியத் படைகள் கைப்பற்றிய மவுசர்களோ, பிரித்து, கலந்து, மறுபடி கோத்து வைக்கப்பட்டவை. அதே துப்பாக்கிதான், அதே வருடம்தான். விலையில் மட்டும் பெரிய பள்ளம்.

அமெரிக்காவின் எம்-1 கேரண்டில் கதை தலைகீழ். அங்கே வரிசை நம்பர் ரிசீவரில் மட்டும்தான். மற்ற பாகங்களில் இருப்பது வரைபட எண்கள். போருக்குப் பிறகு பெரும்பாலானவை பட்டறைகளில் பிரித்துச் சீரமைக்கப்பட்டவை. எனவே, பாகம் கலந்திருப்பதுதான் அங்கே இயல்பு. அந்தந்த வருடத்துப் பாகங்களைத் தேடித்தேடி வாங்கி, புதிதாக வந்தபோது எப்படி இருந்ததோ அப்படி மாற்றிவைக்கும் ஆர்வலர்களும் உண்டு. இதில் ஒரு வேடிக்கை... பட்டறையிலிருந்து கலந்தபடி வந்ததுதான் அந்தத் துப்பாக்கியின் நிஜ வரலாறு. அழகாகத் திருத்திவைத்தது ஆர்வலரின் கற்பனை.

நம் .303 இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. ரிசீவரும் குழலும் போல்ட்டும் ஒத்துப்போனால் நல்ல மதிப்பு. மரம் மாறியதற்குக் கொஞ்சம் தள்ளுபடி.

என்.சி.சி-யில் இருந்தவர்களுக்கு இன்னொரு ரகமும் தெரிந்திருக்கும். 'டி.பி' என்று அடித்த டிரில் ரைஃபிள். சுடத் தகுதியில்லை என்று ஒதுக்கிய பாகங்களைக் கொண்டு அணிவகுப்புப் பயிற்சிக்காக வைத்திருப்பது. அதைச் 'சரிசெய்து' விடலாம் என்று நினைப்பது முட்டாள்தனம் மட்டுமல்ல, உயிருக்கே ஆபத்து.

டாலர் கனவும் ஆயுதச் சட்டமும்

இப்போது பேரனின் டாலர் கணக்குக்கு வரலாம். அது அங்கே திறந்த சந்தையில் சட்டப்படி விற்கும் விலை. இங்கே .303 என்பது ராணுவ ரகத் தோட்டாவுக்கான துப்பாக்கி. தடைசெய்யப்பட்ட வகையில் வருவது. சாதாரண லைசென்ஸ் கலெக்டர் அலுவலகத்தில் கிடைக்கும் என்றால், இந்த வகைக்கு மத்திய அரசின் அனுமதி வேண்டும். இந்தியாவில் தனியாருக்கென்று .315 ரைஃபிள் வந்ததன் பின்னணியே இதுதான். எனவே, பரணிலிருந்து இறங்கியது .303-ஆ, .315-ஆ என்பது முதல் கேள்வி. இரண்டும் ஒரே சாயலில் இருப்பதால் கண்ணால் பார்த்து முடிவுசெய்யக் கூடாது.

'நூறு வருஷம் ஆச்சுன்னா லைசென்ஸே வேண்டாம்' என்று டீக்கடையில் சொல்வார்கள். நம்பிவிடாதீர்கள். 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 45-வது பிரிவு, வழக்கொழிந்த, பழம்பொருள் மதிப்புள்ள, பழுதான ஆயுதங்களுக்கு விலக்கு தருவது உண்மை. ஆனால் அதில் ஒரு கொக்கி இருக்கிறது. பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் அதைத் துப்பாக்கியாகப் பயன்படுத்தவே முடியாது என்ற நிலை இருக்க வேண்டும். லீ என்ஃபீல்டுக்கு உலகம் முழுக்க உதிரிபாகம் இருக்கிறது. எது சேகரிப்பாளருக்கு நம்பிக்கை தருகிறதோ, அதுவே இங்கே வீட்டுக்காரருக்கு வில்லங்கம்! உடைந்த போல்ட்டை மாற்றினால் மறுபடி வேலை செய்யும் என்றால், அது 'செத்த' துப்பாக்கி இல்லை.

பாகம் மட்டும்தானே என்று வாங்கிவைப்பதும் சிக்கல்தான். ஆயுதம் என்பதற்குச் சட்டம் தரும் விளக்கத்தில் ஆயுதத்தின் பாகங்களும் அடக்கம். தாத்தாவின் துப்பாக்கியை 'முழுசாக்கி' விலை ஏற்றலாம் என்று யாரிடமாவது போல்ட் வாங்கப்போனால், கோர்ட் வாசலில்தான் நிற்க வேண்டிவரும். 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, தடைசெய்யப்பட்ட துப்பாக்கியை அனுமதியின்றி வைத்திருந்தால் 7 முதல் 14 ஆண்டு வரை சிறை.

அப்பா பெயரில் லைசென்ஸ் இருந்து, அவர் காலமாகிவிட்டால்? லைசென்ஸ் பீரோவில் இருக்கிறது என்பதற்காகத் துப்பாக்கியும் அங்கேயே இருக்க முடியாது. தாமதிக்காமல் பக்கத்துக் காவல் நிலையத்திலோ, லைசென்ஸ் பெற்ற துப்பாக்கி வியாபாரியிடமோ ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். தேர்தல் நேரத்தில் துப்பாக்கிகளை ஸ்டேஷனில் ஒப்படைப்பார்களே, கிட்டத்தட்ட அப்படி. வாரிசு தன் பெயரில் லைசென்ஸ் கேட்டு விண்ணப்பிக்கலாம். லைசென்ஸ் உள்ளவருக்கு விற்கவும் வழி இருக்கிறது. குறித்த காலத்துக்குள் எதுவும் செய்யாவிட்டால் துப்பாக்கி அரசுக்குப் போய்விடும். ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்க முடியாது என்ற 2019 வரம்பு, பரம்பரையாக வந்ததற்கும் பொருந்தும்.

வெளிநாட்டுச் சொந்தக்காரரிடம் கொடுத்து அனுப்பும் யோசனையையும் மறந்துவிடலாம். நூறு வருடம் கடந்த வரலாற்றுப் பொருளைத் தனியார் வெளியே அனுப்புவதை 1972-ம் ஆண்டு தொல்பொருள் சட்டம் தடுக்கிறது. துப்பாக்கி என்றால் கேட்கவே வேண்டாம்.

புளி போட்டுத் தேய்க்காதீர்கள்

மதிப்பைக் கெடுப்பதில் நம் வீடுகளுக்கு ஒரு தனித்திறமை உண்டு. பழைய பொருள் என்றால் பளபளவென்று ஆக்கிவிட வேண்டும். குத்துவிளக்குக்குப் புளி சரி. துப்பாக்கியின் பித்தளைப் பட்டையில் புளி, இரும்பில் உப்புத்தாள், கட்டையில் வார்னிஷ் என்று ஆரம்பித்தால், நூறு வருடத்து நிறம் ஒரு மத்தியானத்தில் போய்விடும். கட்டையில் மங்கலாக இருக்கும் முத்திரைகள் தேய்ந்தால் திரும்ப வராது. பாகம் மாறிய ரைஃபிளில் எது எப்போது மாறியது என்று சொல்லும் சாட்சியே அந்த முத்திரைகள்தான்.

அதைவிடப் பெரிய நஷ்டம் வேறொன்று. காலி செய்யும் அவசரத்தில் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போகும் காகிதங்கள். தாத்தாவின் டிஸ்சார்ஜ் புத்தகம், லைசென்ஸ் நகல்கள், வாங்கிய ரசீது, துப்பாக்கியோடு நிற்கும் ஒரு கறுப்பு வெள்ளை போட்டோ. 'நேதாஜி படையில் இருந்த துப்பாக்கி' என்று சொல்கிற குடும்பங்கள் தமிழ்நாட்டில் உண்டு. மலாயாத் தோட்டங்களிலிருந்து ஏராளமான தமிழர்கள் ஐ.என்.ஏ-வில் சேர்ந்தார்கள். பிரிட்டிஷாரிடமிருந்து கைப்பற்றிய லீ என்ஃபீல்டுகள் அவர்கள் கையில் இருந்ததும் வரலாறு. ஆனால் இந்தத் துப்பாக்கிதான் அந்தத் துப்பாக்கி என்று காட்ட, நம்பர் எழுதிய ஒரு துண்டுக் காகிதமாவது வேண்டும். அது இருந்தால், போல்ட் மாறியிருந்தாலும் கட்டை மாறியிருந்தாலும் யாருக்கும் கவலையில்லை. இல்லாவிட்டால், இதுவும் லட்சக்கணக்கில் வந்த ரைஃபிள்களில் ஒன்று.

சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் தஞ்சாவூர் அரண்மனை ஆயுதங்கள் இருக்கின்றன. கோட்டை அருங்காட்சியகத்திலும் பழைய துப்பாக்கிகளைப் பார்க்கலாம். அவற்றின் முன் நிற்கும் கூட்டம் பாகங்களின் நம்பரைச் சரிபார்ப்பதில்லை, பக்கத்தில் இருக்கும் எழுத்துப் பலகையைத்தான் படிக்கிறது.

ஆக, கோணி மூட்டை இறங்கிய வீட்டில் முதல் வேலை, அதைத் தொடாமல், போல்ட்டை இழுத்துப் பார்க்காமல் வைத்துவிட்டு டவுன்ஷிப் காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்வது. உள்ளே தோட்டா இருக்கிறதா என்பது வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. ஒப்படைக்கும்போது ரிசீவர், குழல், போல்ட் மூன்றின் நம்பரையும் ரசீதில் தனித்தனியாக எழுதச் சொல்லிக் கேட்டு வாங்கலாம். பின்னால் விற்றாலும், லைசென்ஸ் கேட்டாலும், அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தாலும் அந்த மூன்று நம்பர்தான் பேசும்.

சோதிக்கும் ஆர்மரரிடம் இன்னொன்றும் கேட்டுப் பார்க்கலாம். லீ என்ஃபீல்டின் கட்டைக்கு அடிப்பக்கம் பித்தளையில் ஒரு சின்ன மூடி இருக்கும். துடைக்கும் கயிறும், விரல் நீளத்தில் ஓர் எண்ணெய்க் குப்பியும் வைப்பதற்கான பொந்து அது. வெளியே எத்தனை பாகம் மாறியிருந்தாலும், தாத்தா வைத்த குப்பி சில நேரம் உள்ளேயே கிடக்கும்.